கோணல் வேறு, ஆட்டம் வேறு

அவருடைய கைப்பைக்குள் கையை விட்டால் முதலில் தட்டுப்படுவது மர ஆப்புகள்தான். மூக்குக்கண்ணாடி, மாத்திரை டப்பா, சாவிக்கொத்து எல்லாம் அதற்குப் பிறகு. விரல் நீளத்தில், ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் காகிதமாய் மெலிந்து போகும் தேவதாருச் சில்லுகள். கூரை வேய்கிறவர்களிடம் மிச்சம் மீதியைக் கேட்டு வாங்கி, சமையலறைக் கத்தியால் தானே சீவி வைத்திருப்பார். உணவகமோ, கோவில் சாப்பாட்டுக் கூடமோ, கல்யாண மண்டபமோ, உட்கார்ந்ததும் மேசை விளிம்பில் உள்ளங்கையை வைத்து ஓர் அழுத்து அழுத்துவார். ஆடினால் ஆப்பு. அதன் பிறகுதான் என்ன சாப்பிடலாம் என்ற பேச்சு.

நான் அவரை முதன்முதலில் பார்த்ததே ஒரு மேசைக்கு அடியில்தான். நியூஜெர்சிக்கு நாங்கள் குடிவந்த புதிது. யாரோ ஒரு குழந்தையின் பிறந்தநாள் விருந்து. வெள்ளைத் தலைமுடியும் மயில்கழுத்து நிறப் பட்டுப்புடவையுமாக ஒரு பெண்மணி மேசைக்கு அடியில் தவழ்ந்துகொண்டிருந்தார். தோடு தொலைந்துவிட்டது என்று நாங்களாகவே முடிவு செய்து, ஆளுக்கொரு பக்கம் குனிந்து தேட ஆரம்பித்துவிட்டோம். ஒருவர் செல்போன் விளக்கை அடித்தார். ஒருவர் நாற்காலிகளை நகர்த்தினார். அவர் தலையை வெளியே நீட்டி, ஊரே தரையில் கிடப்பதைப் பார்த்துக் கேட்டார்.

“எல்லாரும் என்னத்தைத் தேடுறியள்?”

“உங்க தோடுங்க” என்றேன்.

“என்ர தோடு காதிலதானே கிடக்கு! மேசை ஆடிச்சுது. ஆப்பு வைச்சனான்.”

எழுந்து, புடவையைத் தட்டிவிட்டு, என் எதிரில் உட்கார்ந்தார். விளிம்பில் கையை வைத்துப் பார்த்தார். நெற்றி சுருங்கியது. மறுபடி குனிந்தார். நிமிர்ந்தபோது முகத்தில் சிரிப்பு.

“தம்பி, மேசையில பிழையில்லை. நீங்கள்தான் ஆடுறியள்.”

உண்மைதான். எனக்குக் காலாட்டும் பழக்கம் உண்டு. நாற்காலியில் உட்கார்ந்தால் வலது குதிகால் தானாகத் துடிக்கத் தொடங்கிவிடும். கவலை வந்தால் மேசையில் இருக்கும் தண்ணீர்க் குவளையில் அலை எழும்பும். எனக்குக் கவலை வராத நாளும் கிடையாது. ஒரே மகள் இனியா. பிறந்த நாளிலிருந்து அவளுக்கு என்னவெல்லாம் ஆகக்கூடும் என்று கற்பனை செய்வது என் இரண்டாவது வேலை. முதல் வேலை மென்பொருள். அதிலும் எது எப்போது விழும் என்று பார்ப்பதற்குத்தான் சம்பளம்.

அவர் பல் மருத்துவர். யாழ்ப்பாணத்தில் படித்து, லண்டன் போய், கடைசியில் நியூஜெர்சியில் வெகுகாலம் பல் பிடுங்கி ஓய்வு பெற்றவர். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தேவாலயத்துக்குப் போவார். பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. பெரியவர்களுக்கு டாக்டர். பிள்ளைகளுக்கு டீத் ஆன்ட்டி. ஓய்வு பெற்ற பிறகும் பல் பார்க்கும் சிறிய கண்ணாடிக் கரண்டி ஒன்று ஆப்புகளோடு பையில் கிடந்தது. பிள்ளைகள் சிரிக்கும்போது உள்ளே எட்டிப் பார்ப்பார். அதன் எஃகுக் காம்பால் முன்பல்லை டிங் என்று தட்டி, தலையைச் சாய்த்து அந்தச் சத்தத்தைக் கேட்பார்.

இனியாவுக்கு அப்போது எட்டு வயது. முன்பல் ஒன்று பக்கத்துப் பல்லின்மேல் ஏறி முளைத்திருந்தது. எனக்குத் தூக்கம் போயிற்று. இப்போதே கிளிப் போடவேண்டுமா, ஆறு மாதம் கழித்தா, தாடை வளர்ந்துவிட்டால் என்ன ஆகும் என்று வரிசையாகக் கேட்டேன். அவர் தட்டிப் பார்த்தார்.

“கோணல் வேற, ஆட்டம் வேற தம்பி. கோணலோட நூறு வயசுவரைக்கும் கடலை கடிக்கலாம். ஆட்டம் வந்தால் மெத்தெண்ட பாண்துண்டுகூடக் கடிக்கேலாது. இந்தப் பல்லு கோணல். ஆடேல்லை. விடுங்கோ.”

இந்தக் ‘கோணல் வேற, ஆட்டம் வேற’ அவர் வாயில் நாளைக்கு ஒருமுறையாவது வரும். மருமகளைப் பற்றிக் குறை சொல்ல வந்தவரிடம் சொல்வார். வேலை போய்விடுமோ என்று பயந்தவரிடம் சொல்வார். ஆனால் அந்த வாக்கியத்தின் முழு அர்த்தத்தை நான் கண்டது அவருடைய வீட்டில்தான்.

மான்மவுத் ஜங்ஷனுக்கு வெளியே, சோள வயல்கள் முடிந்து புதுக் குடியிருப்புகள் தொடங்கும் இடத்தில் இருந்தது அந்த வீடு. ஒரு காலத்தில் பக்கத்துத் தேவாலயத்தின் பாதிரியார்கள் குடும்பத்தோடு வாழ்ந்த வீடு. சபை பெரிதாகி, சாலைக்கு அந்தப் பக்கம் கார் நிறுத்த வசதியான புதுக் கட்டடத்துக்குப் போய்விட, பழைய வீட்டை இவர் வாங்கிவிட்டார். பார்த்தவர்களெல்லாம் இதையா வாங்கினீர்கள் என்று கேட்டார்களாம். “பழசு, மஞ்சள் பிடிச்சது, ஆனால் வேர் உறுதி. பல் டாக்டர் வேற எதை வாங்குவாள்?” என்பார்.

வீடு சாய்ந்திருந்தது. நாசூக்காகச் சொல்ல வழியில்லை. சாலைப் பக்கமாக, போகிறவர்கள் பேசுவதை ஒட்டுக் கேட்பதுபோலச் சாய்ந்திருந்தது. சன்னல்கள் சதுரமாக இல்லை. கதவுகளின் மேல் விளிம்பைக் கதவுச் சட்டத்தின் சாய்வுக்கு ஏற்றபடி யாரோ எப்போதோ இழைத்திருந்தார்கள். கூடத்தின் கிழக்கு ஓரத்தில் ஓர் எலுமிச்சம்பழத்தை வைத்தால் தானாக உருண்டு மேற்குச் சுவரில் போய் முட்டும்.

எங்கள் வாரயிறுதித் தமிழ் வகுப்பு நடந்த பள்ளிக்கூடத்தில் தரை மாற்றும் வேலை தொடங்கி, நாங்கள் இடமில்லாமல் நின்றபோது, “என்ர வீட்டில நடத்துங்கோ. பிள்ளையள் சத்தம் போட்டால் வீட்டுக்கும் நல்லது” என்றார். பெற்றோர் எல்லோரும் மகிழ்ந்தார்கள். நான் செல்போனில் ரசமட்டம் பார்க்கும் செயலியை இறக்கிக்கொண்டு போனேன். ஒவ்வொரு தூணின்மேலும் போனை வைத்துப் பார்த்து, எல்லாமே சிவப்பில் காட்டுவதை அவரிடம் நீட்டினேன்.

“டாக்டர், ஒண்ணுகூட நேரா இல்லைங்க.”

அவர் போனை வாங்கித் திருப்பிப் பார்த்தார். “பாவம், புது ஃபோன். அதுக்குப் பழக்கமில்லை.”

பிறகு என்னைக் கையைப் பிடித்து அழைத்துப்போய் வீட்டின் எலும்புகளைக் காட்டினார். நமக்குச் சுவர்தான் வீட்டைத் தாங்கும். அங்கே சுவர் சும்மா திரை. தாங்குவதெல்லாம் மரம். கட்டிப்பிடிக்க முடியாத ஓக் தூண்கள், அவற்றின்மேல் கூடத்தின் குறுக்கே ஓடும் உத்தரங்கள், தூணும் உத்தரமும் சந்திக்கும் ஒவ்வொரு மூலையிலும் முழங்கையை மடித்து முட்டுக் கொடுத்ததுபோல ஒரு சாய்வுக்கட்டை. ஓர் இரும்பாணி கிடையாது. ஒரு மரத்தின் நுனியை நாக்குபோலச் செதுக்கி, இன்னொன்றில் வாய் வெட்டி, உள்ளே செருகி, குறுக்கே மர ஆணி அடித்து இறுக்கியிருந்தார்கள். அவர் கண்ணாடிக் கரண்டியின் காம்பால் ஒரு மூட்டைத் தட்டினார். டக். இன்னொன்று. டக்.

“கேக்குதோ? இறுகின பல்லுக்கும் இதே சத்தம்தான்.”

“எல்லாம் சரிங்க டாக்டர். ஆனா விழுந்துச்சுன்னா?”

“நேரான வீடுகள் விழுந்ததை நான் ஊரில நிறையப் பாத்தனான் தம்பி” என்றார். “வாங்கோ, ரோல்ஸ் சூடா இருக்கு” என்று கொத்துக்கறி அடைத்துப் பொரித்த தன் ஊர்ப் பலகாரத்தை எடுக்கச் சமையலறைக்குப் போய்விட்டார்.

அந்த வீட்டுக்கு முன்பக்கம் இரண்டு கதவுகள். பெரிய கதவு குடும்பத்துக்கு. அதற்குச் சற்றுத் தள்ளி, வீட்டின் மறு கோடியில், ஒரு ஒடுக்கமான கதவு. அது நேராகப் பாதிரியாரின் படிப்பறைக்குப் போகும். மனக்கஷ்டத்தோடு வருகிறவர்கள் வீட்டுக்காரர்கள் கண்ணில் படாமல் வந்து, அழுதுவிட்டுப் போவதற்காக வைத்த கதவு என்று விளக்கினார். எனக்கு அதோடு விதி எழுதப்பட்டுவிட்டது. சனிக்கிழமை காலையில் இனியாவை விட வரும்போது, பெரிய கதவருகே நிற்கும் அவர் என் முகத்தை ஒருமுறை பார்ப்பார்.

“இனியாக்குட்டி, நீங்கள் இதாலை வாங்கோ. அப்பா மற்றக் கதவு.”

பிள்ளைகள் சிரிப்பார்கள். நானும் சொன்னபடி சுற்றிக்கொண்டு படிப்பறைக்குப் போய் உட்காருவேன். வந்து எதிரே அமர்ந்து, “சொல்லுங்கோ, இண்டைக்கு என்ன பயம்?” என்பார். பெரும்பாலும் அந்த வீடுதான் பயம். வாசலில் கூரைக்குமேல் கிளை விரித்து நின்ற பெரிய மேப்பிள் மரம் அடுத்த பயம்.

பொங்கல் விருந்து அங்கே நடந்ததை மறக்க முடியாது. கூடத்தில் பாய் விரித்து வாழையிலை போட்டோம். ரசத்தை ஊற்றியதும் அது சோற்றைச் சுற்றிக்கொண்டு மேற்கு நோக்கிக் கிளம்பியது. பக்கத்து இலைக்காரர் கையால் அணை கட்டினார். அவருக்குப் பக்கத்தில் இருந்தவர் அணை உடைந்ததும் எழுந்து ஓடினார். டாக்டர் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு இடம் பிரித்தார்: “குழம்புக்காரர் எல்லாரும் மேற்கை முகம் வைச்சு இருங்கோ. தயிர்சாதம் எங்கையும் இருக்கலாம், அது ஓடாது.” மறு வருடம் யாரும் சொல்லாமலே எல்லோரும் அப்படித்தான் உட்கார்ந்தார்கள்.

எங்கள் தமிழ்ச் சங்கத்தில் சம்பத் என்று ஒருவர் இருந்தார். எந்தக் காரியத்திலும் முதல் ஆளாக இறங்குகிற நல்ல மனிதர். கூடத்தின் முன்மூலையில் இருந்த சாய்வுக்கட்டை அவர் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. புரொஜெக்டர் திரையைக் கட்ட அந்தச் சுவர்தான் வசதி. கட்டை குறுக்கே நின்றது. உயரமான பிள்ளைகள் அதில் தலையை முட்டிக்கொள்ளவும் செய்தார்கள்.

“டாக்டர், அதை மட்டும் ரிமூவ் பண்ணிடலாம். நான் வீடியோ எல்லாம் பாத்துட்டேன். தூண் இருக்கு, பீம் இருக்கு, இது சும்மா டெக்கரேஷன். என்கிட்ட ரம்பம் இருக்கு, அரை மணி நேர வேலை.”

“அப்பிடியோ? வாயைத் திறவுங்கோ.”

“எதுக்குங்க?”

“திறவுங்கோ சம்பத்.”

அத்தனை பெற்றோர் முன்னால் சம்பத் வாயைத் திறந்தார். டாக்டர் கண்ணாடிக் கரண்டியை உள்ளே விட்டு, கடைசிப் பல்லைத் தட்டினார்.

“இது வெளியில ஒருத்தருக்கும் தெரியாது. சிரிச்சாலும் தெரியாது. நாக்கையும் கடிக்குது போல. டெக்கரேஷன்தானே? பிடுங்கட்டோ? என்னட்டைக் குறடு இருக்கு, அரை மணித்தியாலம்கூட வேண்டாம்.”

சம்பத்தால் வாயை மூடவும் முடியவில்லை, பதில் சொல்லவும் முடியவில்லை. கட்டை பிழைத்தது. திரையைப் பக்கத்துச் சுவரில் கொஞ்சம் கோணலாகக் கட்டினோம். அந்த வீட்டில் அது கோணலாகவே தெரியவில்லை.

இதெல்லாம் வேடிக்கை. இதைவிட வேடிக்கை சரஸ்வதி பூஜையன்று நடந்தது. அந்த வீட்டின் மூட்டுகளில் உளியால் வெட்டிய கோடுகள் இருக்கும். ஒன்றில் இரண்டு கோடு, இன்னொன்றில் மூன்று, ஒன்றில் பெருக்கல் குறிபோல. பாதிரியார் வீட்டுச் சின்னங்கள், ஏதோ தெய்வக் குறிகள் என்று எங்கள் வீட்டுப் பெண்கள் தீர்மானித்துவிட்டார்கள். புத்தகங்களுக்குப் பொட்டு வைத்து முடித்ததும், என் மனைவி கவிதா சந்தனக் கிண்ணத்தோடு எழுந்தாள்.

“யார் சாமியா இருந்தா என்ன, நம்ம பிள்ளைங்க படிக்கிற இடம். விட்டுட்டா நல்லாருக்காது.”

ஒருத்தி நாற்காலியைப் பிடிக்க, ஒருத்தி ஏறி நிற்க, எட்டிய மூட்டுகளுக்கெல்லாம் குறியின்மேலேயே சந்தனமும் குங்குமமும் அப்பினார்கள். சேரும் இரண்டு மரத்திலும் குறி இருந்ததால், இரண்டு மரமும் சேரும் இடத்தில் நடுவாக, இரண்டையும் தொடுமாறு பெரிய பொட்டாகவே வைத்துவிட்டார்கள். முன்மூலைச் சாய்வுக்கட்டைக்கு விசேஷ கவனிப்பு. டாக்டர் மாடியிலிருந்து இறங்கி வந்தார். நின்றார். ஒவ்வொரு தூணாகப் பார்த்தார். கவிதாவுக்கு முகம் வெளுத்துவிட்டது.

“தப்பா டாக்டர்? உங்க சாமிக் குறிதானுங்களே?”

அவருக்குச் சிரிப்பில் கண்ணீர் வந்தது. “பிள்ளை, அது தச்சன்ர நம்பர்! மரத்தையெல்லாம் நிலத்தில வைச்சு வெட்டி, எந்த நாக்கு எந்த வாய்க்குள்ள போகும் எண்டு மறக்காமல் இருக்க நம்பர் போட்டு வைச்சவன். நீங்கள் அவன்ர கணக்குக்குப் பொட்டு வைச்சிருக்கிறியள்!”

கவிதா துணியை எடுத்து ஓடினாள். டாக்டர் கையைப் பிடித்துத் தடுத்தார்.

“இருக்கட்டும். இவ்வளவு காலமும் அவனுக்கு ஒருத்தரும் ஒண்டும் செய்யேல்லை.”

பொட்டுகள் அப்படியே இருந்தன. ஞாயிற்றுக்கிழமை வேதாகமம் வாசிக்க வரும் அவருடைய சபைத் தோழிகள் என்ன நினைத்தார்களோ தெரியாது.

ஆனாலும் என் பயம் தீரவில்லை. கோடையில் காற்றடித்தால் அந்த வீடு முனகும். முனகலுக்கு நடுவே என் மகள் உயிரெழுத்து எழுதிக்கொண்டிருப்பாள். நான் கவிதாவிடம் இனி அவளை அங்கே அனுப்ப வேண்டாம் என்றேன்.

“ஏங்க, நாப்பது பிள்ளைங்க போறாங்க. உங்க பொண்ணு தலையில மட்டும் விழுமா?”

“விழுந்தா?”

“அவ அங்க போறதுக்குத்தாங்க சனிக்கிழமை எந்திரிக்கிறா. நீங்க நிறுத்துனா தமிழும் போகும், அவளும் பேசமாட்டா.”

இனியா மாடிப்படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். “அப்பா, தட் ஹவுஸ் இஸ் மை ஃபேவரிட் ஹவுஸ். ஓகே?” என்றாள். அந்த வாரம் மட்டும் போகட்டும், அடுத்த வாரம் டாக்டரிடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன்.

அந்த வாரம்தான் அது நடந்தது.

இனியாவை விட்டுவிட்டு நான் மளிகைக் கடையில் கறிவேப்பிலை பொறுக்கிக்கொண்டிருந்தேன். கடையில் இருந்த எல்லோருடைய செல்போனும் ஒரே சமயத்தில் அலறியது. சுழற்காற்று எச்சரிக்கை, உடனே உள்ளே ஒதுங்குங்கள் என்று. வெளியே வானம் பாசி பிடித்த தொட்டிபோலப் பச்சையாக இருந்தது. கடைக்காரர் எல்லோரையும் பின்பக்கம் போகச் சொன்னார். நான் கூடையைப் போட்டுவிட்டுக் காருக்கு ஓடினேன். டாக்டருக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. கவிதா அழைத்தாள். “எங்கீங்க இருக்கீங்க? டீச்சரும் எடுக்கலை, டாக்டரும் எடுக்கலைங்க” என்றாள். பிறகு இணைப்பு அறுந்துவிட்டது. மழை கண்ணாடியில் வாளி வாளியாகக் கொட்டியது. சாலையில் குப்பைத்தொட்டிகள் உருண்டன. எந்தச் சிக்னல் எந்த நிறத்தில் இருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்தப் பாதையில் இப்போதும் மழையில் கார் ஓட்ட என்னால் முடிவதில்லை, வேறு வழியாகச் சுற்றித்தான் போகிறேன்.

வீடு இருந்த திருப்பத்தில் திரும்பியபோது காற்று போய்விட்டிருந்தது. மேப்பிள் மரம் நின்ற இடத்தில் வானம் தெரிந்தது. மரம் வீட்டின்மேல் படுத்திருந்தது. முன்மூலைக் கூரையை உடைத்துக்கொண்டு, பெரிய கதவை மூடி, வாசல் முழுக்க இலையும் கிளையுமாக. நான் கிளைகளுக்குள் புகுந்தேன். கதவு எங்கே இருக்கும் என்று கையால் துழாவினேன். இனியா, இனியா என்று கத்தியிருக்கிறேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அப்போது வீட்டின் மறு கோடியிலிருந்து, கூட்டத்தில் பந்தி விசாரிக்கிற குரலில், அவர் கூப்பிட்டார்.

“தம்பி! அங்கை என்ன செய்யிறியள்? உங்கட கதவாலை வாங்கோ!”

ஒடுக்கமான கதவு திறந்திருந்தது. ஓடினேன். படிப்பறை முழுக்கப் பிள்ளைகள். பெரிய உத்தரத்துக்கு அடியில் ஒருவரோடு ஒருவர் ஒட்டி உட்கார்ந்து ரோல்ஸ் தின்றுகொண்டிருந்தார்கள். எச்சரிக்கை வந்ததும் எல்லோரையும் கூடத்திலிருந்து இங்கே கொண்டுவந்து, வீடு முனகினால் கூடவே எல்லோரும் முனகவேண்டும் என்று ஒரு விளையாட்டை ஏற்படுத்திவிட்டாராம். மரம் விழுந்தபோது நாற்பது பிள்ளைகளும் சேர்ந்து முனகியிருக்கிறார்கள். அழுதது ஆசிரியை ஒருவர்தான்.

இனியா வாயில் ரோல்ஸோடு ஓடி வந்தாள். “அப்பா! த ஹவுஸ் மூவ்டு! லைக், இட் டான்ஸ்டு! அப்புறம் நின்னுடுச்சு!”

அவளைத் தூக்கினேன். தலையைத் தடவினேன், கையை, காலை, விரல்களை ஒவ்வொன்றாக. ஒரு கீறல் இல்லை. ஏறி முளைத்த முன்பல்லில் கொத்துக்கறி ஒட்டியிருந்தது. “அப்பா, ஸ்டாப், யூ ஆர் வெட்” என்று நழுவிப் போய்விட்டாள்.

பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பெற்றோரிடம் ஒப்படைத்த பிறகு, தீயணைப்பு வண்டியோடு வந்த கட்டட அதிகாரி தலைக்கவசத்தோடு கூடத்துக்குள் போனார். டாக்டரும் கூடவே போனார், நிறுத்த முடியவில்லை. நான் வாசற்படியில் நின்று பார்த்தேன். மேல்தளத்தின் மூலை நொறுங்கியிருந்தது. சுண்ணாம்புப் பூச்சு எல்லாம் உதிர்ந்து, புரொஜெக்டர் திரை கிழிந்து தொங்கியது. சம்பத் அறுக்க நினைத்த சாய்வுக்கட்டை மட்டும் மரத்தின் பாரத்தை முழங்கையில் வாங்கியபடி அதே இடத்தில் நின்றது. அதிகாரி டார்ச்சை அடித்து அந்த மூட்டைப் பார்த்தார். மேலே இரண்டு மரமும் சேரும் இடத்தில் கவிதா வைத்த குங்குமப் பொட்டு. நடுவில் நகக்கண் அளவுக்குக்கூடப் பிளவு இல்லை. முழுப் பொட்டாக இருந்தது.

இது என்ன சிவப்பு அடையாளம், நீங்கள் ஏதும் அளவுக்கு வைத்தீர்களா என்று அவர் ஆங்கிலத்தில் கேட்டார். டாக்டர் ஒரு நொடிகூட யோசிக்காமல் ஆமாம் என்றார். மூட்டு திறந்தால் முதலில் இதுதான் பிளக்கும் என்றார். நல்ல முறை, இப்படி நான் பார்த்ததில்லை என்று அதிகாரி அதைப் படம் எடுத்துக்கொண்டார்.

நான் படிப்பறைக்குத் திரும்பி, வழக்கமாக உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தேன். எல்லாம் முடிந்துவிட்டது, மகள் சமையலறையில் சிரிக்கும் சத்தம் கேட்கிறது. ஆனால் கால் நடுங்கத் தொடங்கியது. குதிகால் மட்டுமல்ல, முழங்கால், தொடை, தோள். நாற்காலி தரைப்பலகையில் தடதடவென்று அடித்தது. நிறுத்தப் பார்த்தேன், முடியவில்லை.

அவர் வந்தார். தலைமுடியெல்லாம் சுண்ணாம்புத் தூள். கைப்பையைத் திறந்து ஒரு ஆப்பை எடுத்தார். முட்டி போட்டு உட்கார்ந்து, என் வலது குதிகாலைக் கையில் பிடித்து, அடியில் மெல்லச் செருகினார். உள்ளங்கையால் என் முழங்காலை ஓர் அழுத்து அழுத்திப் பார்த்தார். இடது காலுக்கும் ஒன்று செருகினார். இரண்டு குதிகாலும் ஆப்பில் பதிந்து நின்றன. நடுக்கம் எங்கே போவதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் உடம்புக்குள் சுற்றிவிட்டு அடங்கியது.

“கோணல் கிடக்கட்டும்” என்றார். “ரோல்ஸ் ஒண்டு மிஞ்சிக் கிடக்கு. தின்னுங்கோ.”

கூரையைச் சரிசெய்தார்கள். வீடு முன்பைவிடக் கொஞ்சம் கூடுதலாகச் சாய்ந்திருந்தது. அவர் அதை நிமிர்த்த வேண்டாம் என்று சொல்லிவிட்டார். இனியா அங்கேயே எல்லா வகுப்பும் படித்து முடித்தாள். நான் தடுக்கவில்லை, சனிக்கிழமைதோறும் என் கதவால் போய் உட்கார்ந்திருந்தேன்.

பிறகு அவருக்கு முழங்கால் தேய்ந்து படியேற முடியாமல் போயிற்று. நாட்டின் மேற்குக் கரையில், சான் ரமோனில் இருக்கும் மகன் வந்து அழைத்துப்போய்விட்டான். வீட்டை ஊர் நிர்வாகம் எடுத்துப் பராமரிக்கிறது. வெளியே ஓர் அறிவிப்புப் பலகை உண்டு. எந்தக் காலத்து மரவேலை, எந்தெந்தப் பாதிரியார்கள் இருந்தார்கள் என்றெல்லாம் இருக்கிறது. பொட்டுகளைப் பற்றி ஒரு வரியும் இல்லை. ஆனால் யாரும் அழிக்கவில்லை, போன மாதம்கூடப் போய்ப் பார்த்தேன்.

ஆட்டம் என்றால் ஆகாத மனுஷி, நிலமே ஆடுகிற ஊருக்குப் போனாரே என்று நாங்கள் சிரித்துக்கொள்வோம். போன ஞாயிற்றுக்கிழமை அங்கே சிறிய நிலநடுக்கம் என்று செய்தியில் பார்த்ததும் உடனே அழைத்தேன். அன்று எனக்குப் பயத்துக்கு வேறு காரணமும் இருந்தது. இனியாவுக்குப் பதினேழு வயது. முந்தின நாள்தான் லைசென்ஸ் கைக்கு வந்தது. முதன்முறையாகத் தனியாகக் காரை எடுத்துக்கொண்டு போயிருந்தாள். வெளியே தூறல் வேறு.

“டாக்டர், வீடு ஆடுச்சுங்களா? பயந்துட்டீங்களா?”

“ஆடிச்சுது தம்பி, நல்லா ஆடிச்சுது. பேரன் மேசைக்குக் கீழை போனான். நானும் போனனான். போனதோட ஒரு காலுக்கு ஆப்பு வைச்சிட்டு வந்தனான்.”

“வீட்டுக்கு ஒண்ணும் ஆகலையே?”

“ஒண்டும் ஆகேல்லை. புது வீடு, எல்லாம் ஒரே நேர். அதுதான் எனக்குப் பயம்” என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக் கேட்டார். “அது என்ன சத்தம் தம்பி? மேசையோ, நீங்களோ?”

“நான்தானுங்க. இனியா தனியா கார் எடுத்துட்டுப் போயிருக்கா. இன்னும் வரலை.”

“ஓ. அந்தப் பல்லு இப்ப எப்பிடி?”

“அப்படியேதான் இருக்குங்க. கோணலா.”

“ஆடுதோ?”

“இல்லைங்க.”

“பிறகென்ன? ஆப்பு இருக்குதோ?”

மேசை இழுப்பறையைத் திறந்தேன். சாவிகளுக்கும் பழைய பேட்டரிகளுக்கும் நடுவில் அன்று அவர் செருகிய இரண்டும் கிடந்தன. போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு குனிந்து, வலது குதிகாலுக்கு ஒன்று, இடதுக்கு ஒன்று செருகினேன். அவர் மறுமுனையில் காத்திருந்தார். சத்தம் நின்றதைக் கேட்டுவிட்டு, “ஆ” என்றார். அப்புறம் சான் ரமோனில் நல்ல முருங்கைக்காய் கிடைப்பதில்லை என்று தொடங்கி, வாசலில் கார் வந்து நிற்கும் சத்தம் எனக்குக் கேட்கும்வரை பேசிக்கொண்டே இருந்தார்.